ஒழுங்காக எழுந்த ஒரு ஃபிளாஞ்ச்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குப் போகிறவர்கள் மரக்காணம் வந்ததும் வண்டியை ஓரங்கட்டிப் படம் எடுப்பார்கள். வெள்ளை வெளேரென்று குவிந்திருக்கும் உப்பு அம்பாரங்களைத்தான் எல்லோருடைய கேமராவும் தேடும். அம்பாரம் அழகுதான். ஆனால் அந்த உப்பளங்களில் நின்று நிதானித்துப் பார்க்க வேண்டியது பாத்திகளின் வரிசையை.

உப்புநீர் நேரே உப்பாகிவிடுவதில்லை. முதலில் பெரிய தேக்கப் பாத்தி. வெயிலிலும் காற்றிலும் அங்கே கொஞ்சம் வற்றி, அடுத்த பாத்திக்குப் போகிறது. அங்கிருந்து அதற்கும் அடுத்தது. நீரின் அடர்த்தியைக் காட்டும் பாமே அளவில் கடல்நீர் சுமார் மூன்றரை டிகிரி இருக்கும். 13, 14ஐத் தாண்டும்போது ஜிப்சம் படியத் தொடங்கும். 25 டிகிரிக்கு வந்த நீரைத்தான் விளைபாத்திக்குள் விட வேண்டும். அவசரப்பட்டு முன்னதாகவே விட்டால் உப்போடு ஜிப்சமும் கலந்துவிடும். 29, 30ஐத் தொட்டதும் மக்னீசியக் கசப்பு ஏறிய மிச்ச நீரை வடித்துவிட வேண்டும். மேலே ஒரு வரப்பு உடைந்தால் கீழே இருக்கிற அத்தனை பாத்தியின் கணக்கும் கெட்டது. இவை எல்லாவற்றுக்கும் முந்திய வேலை ஒன்று இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் சேறு வாரி, வரப்பு கட்டி, களிமண் தரையைக் காலால் மிதித்து மிதித்து இறுக்கி மட்டம் பார்க்கிறார்கள். அந்த வருஷத்து விளைச்சல் முழுவதும் அந்த மட்டத்தின் மேல்தான் நிற்கிறது.

நான் பம்பு வடிவமைக்கும் தொழிலில் இருப்பவன். கம்ப்யூட்டரில் நாங்கள் கட்டும் முப்பரிமாண மாடல்களும் இப்படித்தான், வரிசையால் ஆனவை. வெளியாட்கள் பார்ப்பது திரையில் பளபளவென்று சுழலும் உருவத்தை. மாடலின் தரம் தெரிவது அதற்கு இடப்பக்கத்தில், ஃபீச்சர் ட்ரீ என்ற பட்டியலில். முதலில் எந்தத் தளம், அதன்மேல் எந்த ஸ்கெட்ச், அதை இழுத்து எழுப்பிய உடல், அதில் போட்ட துளை, துளையைச் சுற்றிப் பரப்பிய பேட்டர்ன், கடைசியில் ஓரங்களை மழுக்கிய ஃபில்லெட் என்று மாடல் பிறந்த கதை முழுக்க அந்தப் பட்டியலில் வரிசையாக இருக்கும். மேலே ஒன்றைத் தொட்டால் கீழே உள்ள எல்லாம் மறுபடி கணக்கிடப்படும். நல்ல கை வேலை செய்த மாடலில் அந்தப் பட்டியலை மேலிருந்து கீழாக வாசிப்பதே ஒரு சுகம். இந்த ரசனை நம்மிடையே பேசப்படுவதே இல்லை என்பது என் நெடுநாள் குறை.

இந்த வித்தைக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. 1963இல் எம்ஐடியில் ஐவன் சதர்லேண்ட் தன் முனைவர் பட்ட ஆய்வுக்காக உருவாக்கிய ஸ்கெட்ச்பேடிலேயே இதன் கரு இருந்தது. ஒளிப்பேனாவால் கோணல்மாணலாக இரண்டு கோடு போட்டுவிட்டு, இவை செங்குத்தாக இருக்க வேண்டும் என்று சொன்னால் இயந்திரம் அதைத் திருத்திக்கொள்ளும். ஒரு மூலப் படத்தை வரைந்து பல இடத்தில் வைத்தால், மூலத்தை மாற்றும்போது வைத்த இடமெல்லாம் மாறும். கோட்டுக்குப் பின்னால் இருக்கிற நோக்கத்தை இயந்திரத்திடம் சொல்லிவைக்க முடியும் என்று அன்றே காட்டிவிட்டார். சோவியத் நாட்டிலிருந்து அமெரிக்கா போன கணித அறிஞர் சாமுவேல் கீஸ்பெர்க் 1985இல் பிடிசி நிறுவனத்தைத் தொடங்கி, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் புரோ-இன்ஜினியர் என்ற மென்பொருளைக் கொண்டுவந்தார். அளவை மாற்றினால் உருவம் மாறும் பாராமெட்ரிக் முறை தொழிற்சாலைக்குள் நுழைந்தது அப்போதுதான். 1995இல் சாலிட்வொர்க்ஸ் அதைச் சாதாரண விண்டோஸ் கம்ப்யூட்டருக்கு இறக்கியது. பிறகு கோயம்புத்தூர் பட்டறைகளுக்கும் ஒரகடம் ஆலைகளுக்கும் வர அதிக நாள் ஆகவில்லை.

ஒரு சின்ன மாடலைத் திறந்து காட்டுகிறேன். உப்புநீர் இறைக்கிற பம்பின் உறிஞ்சு வாயில் குழாயைப் போல்ட் போட்டு இணைக்கும் வட்ட விளிம்பு, அதாவது ஃபிளாஞ்ச். பிஎன் 16 என்ற அழுத்த வகைக்கான அட்டவணைப்படி 80 மி.மீ. குழாய்க்கு உரிய ஃபிளாஞ்சின் வெளிவிட்டம் 200 மி.மீ., போல்ட் துளைகள் அமையும் வட்டம் 160, துளைகள் எட்டு, ஒவ்வொன்றும் 18. வாடிக்கையாளர் வந்து 100 மி.மீ. வாய் வேண்டும் என்கிறார். அட்டவணையில் வெளிவிட்டம் 220 ஆகிறது, துளை வட்டம் 180. துளைகள் அதே எட்டு, அதே 18. ஆக மாற வேண்டியது உள்விட்டம், வெளிவிட்டம், துளை வட்டம் என்ற மூன்று எண்கள். தடிமனையும் சேர்த்தால் நான்கு.

அரைகுறையாகக் கட்டிய மாடலில் இந்த வேலை அரை நாளைத் தின்னும். எட்டுத் துளையும் எட்டுத் தனி வட்டங்களாக இருக்கும். சிலவற்றுக்கு மையத்திலிருந்து அளவு, சிலவற்றுக்கு ஓரத்திலிருந்து, இரண்டுக்கு அளவே இல்லாமல் கண்ணளவில் வைத்த இடம். வெளிவிட்டத்தை மாற்றியதும் ஓரத்திலிருந்து அளந்த துளைகள் மட்டும் நகர்ந்துபோகும். ஃபிளாஞ்சையும் உடலையும் தாங்கும் விலாக்கள் ஒரு ஃபில்லெட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அந்த ஃபில்லெட் உருமாறியவுடன் பிடி விட்டுப்போய்ப் பட்டியலில் சிவப்புக் குறி வரிசையாக இறங்கும். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று விழும். கடைசியில், புதிதாகவே போட்டுவிடலாம் என்ற முடிவுக்கு வருவார்கள். நம் டிசைன் அலுவலகங்களில் தினமும் வீணாகும் நேரத்தில் பெரும்பங்கு இப்படிப் போவதுதான்.

நல்ல கை அதே ஃபிளாஞ்சை எப்படிக் கட்டியிருக்கும்? முதல் வரியில் அளவுகளுக்குப் பெயர் சூட்டியிருக்கும்: உள்விட்டம், வெளிவிட்டம், துளை வட்டம், துளை எண்ணிக்கை, தடிமன். அடுத்து, அச்சின்மீது அமைந்த தளத்தில் பாதி வெட்டுத் தோற்றமாக ஒரே ஸ்கெட்ச். அதை அச்சைச் சுற்றிச் சுழற்றினால் உடல் எழுந்துவிடும். பிறகு ஒரே ஒரு துளை. துளைக்கான கட்டளையையே பயன்படுத்திப் போட்டதாக இருக்கும், வட்டம் வரைந்து வெட்டியதாக இருக்காது. அந்த ஒற்றைத் துளையை அச்சைச் சுற்றி எட்டாகப் பரப்பிய பேட்டர்ன். நடுத்தளத்தில் ஒரு விலா, அதற்கும் ஒரு பேட்டர்ன். ஃபில்லெட்டுகள் எல்லாவற்றுக்கும் கீழே, ஒரு கூட்டமாக. இப்போது எண்களை மாற்றி மறுகணக்கீடு கொடுத்தால் ஒரு கண் சிமிட்டலில் ஃபிளாஞ்ச் அகன்று, துளைகள் ஒன்றாக வெளியே நகர்ந்து, விலாக்கள் நீண்டு, எல்லாம் இடத்தில் போய் உட்காரும். ஒரு சிவப்புக் குறி கிடையாது. பல வருஷமாக இதைப் பார்த்துக்கொண்டிருந்தும் எனக்கு இது அலுக்கவில்லை.

ஸ்கெட்ச் என்ற ஒன்றிலேயே கையின் தரம் தெரிந்துவிடும். சாலிட்வொர்க்ஸில் கட்டுப்படாத கோடு நீலமாக இருக்கும், எல்லா அளவும் உறவும் கொடுத்து முடித்ததும் கறுப்பாகும். யாரும் விலை கொடுக்காமல் பயன்படுத்தக்கூடிய ஃப்ரீகேட் மென்பொருளில் ஸ்கெட்ச் முழுக்கக் கட்டுப்பட்டதும் பச்சையாகும். நீலக் கோட்டை அப்படியே விட்டுவிட்டு மேலே போகிற மாடலில் எது எப்போது நகரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதேபோல், ஒரே ஸ்கெட்சுக்குள் நாற்பது கோடுகளை அடைத்து எல்லாவற்றையும் ஒரே இழுப்பில் எழுப்பப் பார்ப்பதும் தவறு. ஒரு ஸ்கெட்ச் ஒரு விஷயத்தைச் சொன்னால் போதும். அளவைவிட உறவைக் கொடுப்பது உயர்ந்தது. இரண்டு பக்கமும் சமம் என்றால் இரண்டு பக்கத்துக்கும் 35 என்று எழுதாமல் சமச்சீர் என்று சொல்லிவிட வேண்டும். எண் நாளை மாறும், சமச்சீர் மாறாது.

இதில் எனக்கு மிகப் பிடித்த இடம் மூலப்புள்ளி. மென்பொருளைத் திறந்தவுடன் எக்ஸ், ஒய், இசட் மூன்றும் பூஜ்யமாகச் சந்திக்கும் புள்ளி ஒன்று காத்துக்கொண்டிருக்கும். அதன் வழியே மூன்று தளங்கள் போகும். அந்தப் புள்ளியை உருப்படியின் எந்த இடத்தில் வைப்பது? கற்றுக்குட்டி ஏதாவது ஒரு மூலையில் வைத்துவிடுவார், அல்லது யோசிக்கவே மாட்டார். பம்பு தெரிந்தவர் தண்டின் அச்சும் வால்யூட் என்ற சுருள் அறையின் நடுத்தளமும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் வைப்பார். ஏனென்றால் இம்பெல்லர் அந்த இடத்தைக் கொண்டுதான் உட்காருகிறது, தண்டு அந்த அச்சில்தான் சுழல்கிறது, கடைசல் பட்டறையில் உருப்படியைப் பிடித்து மையம் பார்ப்பதும் அந்த அச்சைக் கொண்டுதான். கேசிங், இம்பெல்லர், தண்டு, பேரிங் கூடு எல்லாவற்றிலும் மூலப்புள்ளி அதே அச்சில் இருந்தால் அசெம்பிளியில் ஒவ்வொன்றும் தானாகவே தன் இடத்துக்கு வரும். விளிம்போடு விளிம்பை ஒட்டவைக்கிற வேலையே இல்லை; தளத்தோடு தளத்தைச் சேர்த்தால் முடிந்தது. ஒருவருக்குப் பம்பு எவ்வளவு புரிந்திருக்கிறது என்று அறிய நான் முதலில் பார்ப்பது இந்தப் புள்ளியைத்தான். பளபளப்பான ரெண்டரிங் எனக்கு இரண்டாம்பட்சம்.

ஃபில்லெட்டைக் கடைசியில் போடச் சொல்வதற்கும் ஆழமான காரணம் இருக்கிறது. மென்பொருள் ஒவ்வொரு விளிம்புக்கும் முகத்துக்கும் உள்ளுக்குள் ஓர் அடையாளம் வைத்துக்கொள்கிறது. மேலே ஏதோ ஒன்றை மாற்றி விளிம்புகளின் எண்ணிக்கை கூடினால் அந்த அடையாளங்கள் இடம் மாறிப்போகலாம். அப்போது அந்த விளிம்பை நம்பியிருந்த அடுத்த ஃபீச்சர் வேறு விளிம்பில் போய் ஒட்டிக்கொள்ளும், அல்லது விழுந்துவிடும். இந்தத் துறையின் பழைய நோய் இது. ஃப்ரீகேடில் இந்தத் தொல்லை பல வருஷம் பெரிய குறையாகவே இருந்தது. 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பில்தான் அதற்கு ஓரளவு பரிகாரம் கிடைத்தது. மென்பொருள் எவ்வளவு தேறினாலும், நிலையான தளத்தைப் பிடித்துக்கொண்டு கட்டுகிறவருக்கு இந்தத் தொல்லை அநேகமாக வருவதே இல்லை.

இந்த ஒழுங்கைச் சட்டமாகவே எழுதிவைத்தவர்களும் உண்டு. வாகன உதிரிப்பாகம் செய்துவந்த டெல்ஃபி நிறுவனம் ஒரு முறைக்குக் காப்புரிமையே வாங்கியது. ஒரு ஃபீச்சர் இன்னொரு ஃபீச்சரைத் தொடவே கூடாது, எல்லாம் தனித்தனியாகத் தளங்களையே பிடித்து நிற்க வேண்டும் என்பது அதன் சாரம். பாதுகாப்பானதுதான். ஆனால் துளை உடலைச் சார்ந்தது, விலா சுவரைச் சார்ந்தது என்ற இயல்பான உறவையும் அது அறுத்துவிடுகிறது. ரிச்சர்ட் கெப்ஹார்ட் வகுத்த ரெசிலியன்ட் மாடலிங் முறைதான் எனக்கு உகந்தது. பட்டியலை அவர் ஆறு கூட்டமாகப் பிரிக்கிறார்: ரெஃபரன்ஸ், கன்ஸ்ட்ரக்‌ஷன், கோர், டீடெய்ல், மாடிஃபை, குவாரன்டைன். தளங்களும் அடிப்படை ஸ்கெட்சுகளும் மேலே. உருப்படியின் பெரிய உடல் நடுவே. அதன்மேல் துளையும் விலாவும். சரிவும் பேட்டர்னும் அதற்கும் பிறகு. ஃபில்லெட், சேம்ஃபர் போன்றவை கடைசிக் கூட்டத்தில், யாரும் அவற்றைப் பிடித்துக்கொள்ள முடியாதபடி ஒதுக்கி வைக்கப்படுகின்றன. இந்த முறையில் கட்டிய மாடலை முன்பின் தெரியாத ஒருவர் திறந்தாலும் எதை எங்கே தேடுவது என்று தெரியும்.

வார்ப்பு உருப்படிகளில் இந்தக் கலை இன்னும் ஒரு படி ஏறுகிறது. ஒரே பம்பு கேசிங்குக்கு இரண்டு வடிவம் உண்டு: பவுண்டரியிலிருந்து வரும் வார்ப்பு வடிவம், கடைசல் முடிந்த வடிவம். வார்ப்பு வடிவத்தில் மணல் அச்சிலிருந்து மாதிரியை உருவ வசதியாகச் சுவர்களுக்கு ஓரிரு டிகிரி சரிவு வேண்டும், கடையப்போகும் முகங்களில் சில மி.மீ. கூடுதல் சதை வேண்டும். வார்ப்பிரும்பு ஆறும்போது மீட்டருக்குச் சுமார் 10 மி.மீ. சுருங்கும், அதையும் கணக்கில் ஏற்றிப் பெரிதாக்க வேண்டும். இரண்டையும் தனித்தனி ஃபைலாகப் போட்டு வைப்பவர்கள் ஒன்றைத் திருத்தும்போது மற்றதை மறந்துவிடுவார்கள். திறமைசாலி ஒரே ஃபீச்சர் ட்ரீயில் இரண்டையும் வைப்பார். முதலில் வார்ப்பு; அதன்கீழே கடைசல் வெட்டுகள் தனிக் கூட்டமாக, பட்டறையில் எந்த வரிசையில் கடைவார்களோ அதே வரிசையில். அந்தக் கூட்டத்தை மறைத்தால் பவுண்டரிக்குப் போகும் உருவம், திறந்தால் கடைசல்காரருக்குப் போகும் உருவம். சுருக்கத்துக்கான பெருக்கல் மாதிரி செய்பவருக்குப் போகும் தனிப் பிரதியில் மட்டும் ஏறும், அந்தப் பிரதியும் மூல மாடலோடு கட்டுண்டே இருக்கும். மாதிரி செய்யும் ஆசாரிகள் சுருக்கத்தைக் கணக்கில் சேர்த்த தனி அளவுகோலை வைத்துக்கொண்டு செய்த வேலை இது. அவர்களுடைய அறிவு மாடலுக்குள் வந்து குடியேறியிருப்பதைப் பார்க்கும்போது மனசு நிறைகிறது.

மாடலில் எந்த உலோகம் என்று குறிக்காமல் விடுவது சின்ன அலட்சியம்போலத் தெரியும். சாம்பல் வார்ப்பிரும்பின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 7.2 கிராம், எஃகு 7.85. வார்ப்புக்குக் கிலோ கணக்கில் விலை பேசுகிறோம். மாடல் சொல்லும் எடை தப்பானால் கொட்டேஷனே தப்பு.

நான் உப்பளத்தோரத்துப் பம்புகளைக் குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அங்கே எந்த டிசைனும் வெகுநாள் அப்படியே நிற்காது. உப்புக் காற்றில் போல்ட் துருவேறி நட்டோடு ஒன்றாகிவிடும். அதைக் கழற்ற ஸ்பேனர் சுழல இடம் வேண்டும் என்று விலாவை நகர்த்த வேண்டிவரும். சாதாரண போல்ட்டுக்குப் பதில் 316 ரக ஸ்டெயின்லெஸ் போடலாம் என்பார்கள். இம்பெல்லர் வார்ப்பிரும்பிலிருந்து வெண்கலத்துக்குப் போகும். தேய்வுக்காகச் சுவரை இன்னும் 2 மி.மீ. தடித்தால் நல்லது என்ற பேச்சு வரும். 2022இல் மாண்டஸ், 2024இல் ஃபெஞ்சல் என்று புயல்கள் வந்துபோன கரை இது. நீரில் மூழ்கிய இயந்திரத்தைத் தூக்கிப் பார்க்கும்போது அடுத்த திருத்தம் பிறக்கும். முதல் தடவை படம் போடுவது வேலையில் சிறு பங்கு, மிச்சமெல்லாம் திருத்தம்தான். அந்தத் திருத்தத்தைச் செய்பவர் அநேகமாக வேறொருவர். முதலில் போட்டவர் அதற்குள் வேலை மாறிப் போயிருப்பார். அவர் விட்டுச்சென்ற ஸ்கெட்ச் 47, எக்ஸ்ட்ரூட் 23 என்ற மொட்டைப் பெயர்களை வைத்துக்கொண்டு அடுத்தவர் என்ன செய்வார்? உறிஞ்சு வாய், பாதத் தகடு, தண்டுக் கசிவடைப்பு அறை என்று பெயரிட ஒவ்வொன்றுக்கும் சில நொடிகள்தான் ஆகும்.

ஒருவர் ஒழுங்காக இருந்தால் போதாது, குழு முழுவதும் ஒரே ஒழுங்கில் இருக்க வேண்டும். இதற்கு உலகமே பார்த்த சாட்சி ஏர்பஸ் ஏ380. ஒரு விமானத்துக்குள் 500 கி.மீ.க்கு மேல் மின்கம்பி. ஜெர்மனியிலும் ஸ்பெயினிலும் இருந்த அணிகள் கட்டியா என்ற வடிவமைப்பு மென்பொருளின் நான்காம் பதிப்பில் வேலை செய்தன, பிரான்சும் பிரிட்டனும் ஐந்தாம் பதிப்பில். ஹாம்பர்க்கில் தயாரான கம்பிக் கட்டுகள் துலூஸுக்கு வந்தபோது இடத்தில் பொருந்தவில்லை. 2006இல் இது வெடித்து, விமானம் கைக்கு வருவது ஏறக்குறைய இரண்டு ஆண்டு தள்ளிப்போனது. இத்தனைக்கும் அங்கே இருந்தவர்கள் எல்லாரும் தேர்ந்த பொறியாளர்கள். நம் சிறு பட்டறைக்கு இதில் பாடம் நேரடியானது. எல்லாரும் ஒரே டெம்ப்ளேட்டிலிருந்து தொடங்க வேண்டும். அலகு மி.மீ. என்று அதிலேயே இருக்கட்டும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் எஸ்பி 46 சொல்கிற முதல் கோண வீழல் முறையும் அதிலேயே இருக்கட்டும். எம்16 போல்ட் என்றால் அலுவலகம் முழுவதற்கும் ஒரே ஒரு ஃபைல். ஃபைலின் பெயரில் உருப்படி எண்ணும் திருத்த எண்ணும். ‘ஃபைனல்’, ‘நியூ ஃபைனல்’ வேண்டாம்.

மரக்காணத்துப் பிள்ளைகள் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் புதுச்சேரிக்கும் போய்ப் பொறியியல் படிக்கிறார்கள். முதலாண்டிலேயே இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ். கே.வி. நடராஜன் எழுதிய புத்தகத்தை வைத்துக்கொண்டு டிராஃப்டரோடு போராடாத மெக்கானிக்கல் மாணவர் தமிழ்நாட்டில் குறைவு. அந்தத் தாளில் கோட்டின் தடிமனுக்கும் அளவு எழுதும் முறைக்கும் மதிப்பெண் உண்டு. கை ஒழுங்கை அது கற்றுக்கொடுத்தது. பிறகு கம்ப்யூட்டர் லேப். அங்கே நக்கிள் ஜாயின்ட், ப்ளம்மர் பிளாக், ஸ்டஃபிங் பாக்ஸ், ஸ்க்ரூ ஜாக். மாணவர் கட்டளைகளைக் கற்றுக்கொள்கிறார், உருவம் திரையில் வந்துவிடுகிறது, பிரிண்ட் எடுத்து ரெக்கார்டில் ஒட்டியாகிவிட்டது. உள்ளே ஃபீச்சர் ட்ரீ எப்படி இருக்கிறது என்று அநேகமாக யாரும் பார்ப்பதில்லை. கட்டளை தெரிந்த பட்டதாரிகள் கிடைக்கிறார்கள், மாடல் கட்டத் தெரிந்தவர்களைத் தேட வேண்டியிருக்கிறது என்று டிசைன் அலுவலகங்களில் புலம்புவதன் வேர் இங்கேதான்.

லேப் நடத்தும் ஆசிரியர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். ஸ்டஃபிங் பாக்ஸை முடித்துவிட்ட மாணவரிடம் தண்டின் விட்டத்தை 5 மி.மீ. கூட்டச் சொல்லுங்கள். அது நின்றால், ஃபைலைப் பக்கத்து இருக்கை மாணவரிடம் கொடுத்து இன்னொரு திருத்தம் செய்யச் சொல்லுங்கள். இரண்டுக்கும் சேர்த்து மதிப்பெண் போடுங்கள். இதற்குப் புது மென்பொருளோ பணமோ தேவையில்லை. ஃப்ரீகேட் சாதாரண லேப்டாப்பிலும் ஓடும். ரெக்கார்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அந்த மாடலை ஒரு தடவை திறந்து, பட்டியலை மேலிருந்து கீழாகப் படித்துப் பாருங்கள்.